ஊதுகுழல் வேண்டும், ஊசிதான் வேண்டாம்

பால்பாயிண்ட் பேனாவின் வெற்றுக் குழாயை வாயில் வைத்து, மென்ற காகித உருண்டையை முன் பெஞ்சுக்காரன் பிடரியில் ஊதாத பள்ளிப் பையன் அபூர்வம். மும்பை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியானாலும் சரி, மாதம் பிறந்தால் கட்டணம் கேட்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளியானாலும் சரி, இதில் வேற்றுமை இல்லை. ஆசிரியர் குழாயைப் பறிப்பார். தகப்பனாருக்குச் சொல்லி அனுப்புவார். தகப்பனார் ஒரு நாள் டூட்டியை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய், தலை குனிந்து நின்று, வீடு திரும்பிப் பையன் முதுகில் இரண்டு வைப்பார். காரியம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

முடிவதில்லை. அடுத்த முறை ஆசிரியர் கண்ணுக்கும் தகப்பனார் கண்ணுக்கும் எட்டாத இடத்தில் அதே விளையாட்டு நடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் உள்ள கல்லியில், தண்ணீர்க் குழாயடியில், மாடிப்படி வளைவில். அங்கே கேட்பார் இல்லை. அங்கேதான் காகித உருண்டையின் இடத்தில் பட்டாணி வருகிறது. சின்னக் கல் வருகிறது. கடைசியில் தையல் பெட்டியிலிருந்து குண்டூசியும் வருகிறது. மூன்றடி அகலமுள்ள சந்தில் எதிரே வரும் குழந்தையின் கண் எத்தனை தூரத்தில் இருக்கும்? கண்ணில் பட்ட ஊசிக்கு மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டால் போதாது. ஆபரேஷன் வரை போகும். சில சமயம் அதற்கும் பயன் இருக்காது.

ஆகவே ஊதுகுழலை அடியோடு தடை செய்துவிட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். தடை செய்தவர்கள் யாரும் இதுவரை வென்றதாகத் தெரியவில்லை. ஊதுவது பிள்ளைகளின் சுபாவம். குழாய் என்று ஒன்று கையில் கிடைத்தால் அதன் ஒரு முனை வாய்க்குத்தான் போகும். தடை செய்ய வேண்டியது ஊசியை, கல்லை, எதிராளியின் முகத்தைக் குறி பார்ப்பதை. குழலை அல்ல. அந்தக் குழலைப் பையன் ஒளித்துச் செய்வதற்கு முன்னால் தகப்பனாரே உட்கார்ந்து, காகிதத்திலும் டேப்பிலும், ஒழுங்காக ஒன்று செய்து கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

ஊரில் பப்பாளித் தண்டு, இங்கே காகிதம்

திருநெல்வேலிச் சீமையிலும் சேலத்திலும் வட ஆற்காட்டிலும் வளர்ந்தவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. பப்பாளி இலைக் காம்பை வெட்டினால் உள்ளே துளையோடு இயற்கையே குழல் செய்து வைத்திருக்கும். ஆமணக்குத் தண்டில் சோப்பு நுரை ஊதினார்கள். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதினார்கள். நுங்கு தின்றபின் மீந்த கூந்தலில் வண்டி ஓட்டினார்கள். காசு கொடுத்து விளையாட்டுச் சாமான் வாங்குவது திருவிழாவில் ஒரு நாள் நடக்கும் காரியம்.

வீட்டுக்குள் அம்மாவுக்கும் ஒரு குழல் இருந்தது: அடுப்பூதும் ஊதாங்குழல். ஈர விறகோடு மல்லாடும்போது அதை எடுத்து ஊதினால் கங்கு கனலும். வாயால் விசிறுவதைவிடக் குழலால் ஊதினால் காற்று சிதறாமல் ஓரிடத்தில் போய்ச் சேரும் என்ற விஞ்ஞானத்தை எந்தப் பள்ளிக்கூடமும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

இன்னும் பின்னால் போனால் ஊதுகுழல் வேட்டைக் கருவி. போர்னியோக் காட்டு மக்களின் சும்பித் உலகப் பிரசித்தம். தமிழிலும் சுங்குத்தான் என்று ஒரு சொல் பழைய அகராதிகளில் இருக்கிறது; குருவி அடிக்கும் ஊதுகுழலுக்குப் பெயர் அது. சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல் என்ற வெள்ளைக்காரர், தென்னிந்தியாவின் ஊதுகுழலையும் வளரியையும் குறுக்குவில்லையும் பற்றி 1924-ல் ஒரு கட்டுரையே எழுதினார். பெரியவர்களின் கையிலிருந்து நழுவிய ஆயுதங்கள் கடைசியில் சிறுவர் கைக்கு விளையாட்டாக வந்து சேருவது உலக வழக்கம். வில் வந்தது, கவண் வந்தது, குழலும் வந்தது.

தாராவியிலும் அந்தோப் ஹில்லிலும் கோரேகான் சால்களிலும் பப்பாளி மரத்துக்கு எங்கே போவது? பத்துக்குப் பத்து கோளியில் ஐந்து பேர். வெளியே வந்தால் சாக்கடை, அதற்கு மேலே நடைபாதை. பையன் கையில் தகப்பனாரின் பழைய செல்போனைக் கொடுத்துவிட்டால் சத்தமில்லாமல் மூலையில் கிடக்கிறான். வீட்டிலும் அமைதி. அந்த அமைதிக்கு என்ன விலை என்பது கணக்குப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

இங்கே தாராளமாகக் கிடைப்பது ஒன்றுதான்: பழைய காகிதம். மாதக் கடைசியில் ரத்திக்காரனுக்கு எடை போடுவதற்காகக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கும் செய்தித்தாள். படித்து முடித்தபின் இந்தப் பக்கமே போதும்.

சுருட்டும் விதம்

சுண்டுவிரல் பருமனில், வழவழப்பான நேரான கம்பு ஒன்று வேண்டும். துடைப்பத்தின் மெல்லிய கைப்பிடியோ ஜன்னல் திரை மாட்டும் கம்பியோ ஆகும். செய்தித்தாளின் ஒற்றைப் பக்கத்தை எடுத்து, அதன் நீளவாட்டில் கம்பை வைத்துச் சுருட்ட வேண்டும். அரை மீட்டர் நீளத்துக்கு ஏழெட்டுச் சுற்று கொண்ட குழல் கிடைக்கும். முதல் சுற்றில் பசை தடவக் கூடாது. தடவினால் காகிதம் கம்போடு ஒட்டிக்கொண்டு, பிறகு கம்பை உருவ முடியாமல் குழலைக் கிழிக்க வேண்டியதுதான். இரண்டாவது சுற்றிலிருந்து மெல்லப் பசை தடவி, காற்றுக் குமிழி நிற்காமல் உள்ளங்கையால் இறுக்கி உருட்டிக்கொண்டே போக வேண்டும். சுருட்டி முடித்ததும் கம்பை ஒரு தரம் திருகிப் பார்த்து, சுலபமாகச் சுழல்கிறதா என்று சோதித்து உருவிவிட வேண்டும்.

பசைக்கு மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சினால் போதும். புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பைண்டிங் வேலை தெரிந்த தகப்பனார் இங்கே பழக்க தோஷத்தில் அதைச் செய்துவிடக் கூடாது. இது வாயில் வைக்கிற பொருள், துத்தம் விஷம். மைதாப் பசை வாசனைக்குக் கரப்பான் வருமே என்று பயப்படுகிறவர்கள் கடையில் விற்கும் வெள்ளைப் பசையை வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு ராத்திரி காய்ந்தபின் டேப். பழுப்பு நிறப் பார்சல் டேப்பைச் சாய்வாக, ஒன்றன் மேல் ஒன்று பாதி ஏறும்படி, நுனி முதல் அடி வரை சுற்றிவிட்டால் குழல் விறைத்துக்கொள்ளும், வளையாது. வாய் வைக்கும் முனையில் மட்டும் முதலில் நோட்டுப் புத்தகத்தின் எழுதாத வெள்ளைத்தாளை நாலு விரற்கடை அகலத்துக்குச் சுற்றி, அதை விளிம்புக்கு உள்ளேயும் கொஞ்சம் மடித்துவிட்டு, அதன் மேல் டேப் ஒட்ட வேண்டும். அச்சு மை உதட்டில் படலாகாது. செய்தித்தாளில் வடையும் பஜ்ஜியும் கட்டிக் கொடுக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே அறிவுரை சொன்னது இந்த மையின் காரணமாகத்தான்.

இனி வருவதுதான் முக்கியமான வேலை. பாக்கியை அரைகுறையாகச் செய்தாலும் இதை அரைகுறையாகச் செய்யக் கூடாது. ஊதுவதற்கு முன்னால் பையன் மூச்சை இழுப்பான். குழல் வாயில் இருக்கும்போதே இழுத்தால் உள்ளே இருக்கும் உருண்டை தொண்டைக்குள் போய்விடும். மூச்சுக் குழாயில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மூச்சை இழுத்துவிட்டுத்தான் குழலை வாயில் வைக்க வேண்டும் என்று நூறு தரம் சொல்லலாம். விளையாட்டு மும்முரத்தில் எந்தப் பிள்ளைக்கு அது நினைவிருக்கும்? ஆகவே குழலே தடுக்கும்படி செய்துவிட வேண்டும். தடித்த காகிதத்தை மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு நாடாவாக வெட்டி, பென்சிலின் மேல் சுருட்டி, குழலின் உள்ளே இறுக்கமாக நுழையும் அளவுக்குப் பருமன் வந்ததும் ஒட்டி, பென்சிலை உருவி, வாய் முனைக்குள் பசை வைத்துச் செருகிவிட வேண்டும். பட்டறையில் இதைத்தான் புஷ் என்பார்கள். இப்போது வாய்ப் பக்கத் துளை பென்சில் பருமன். குழலின் துளை சுண்டுவிரல் பருமன். காற்று போகும், உருண்டை வராது. உருண்டையை முன்பக்கமாகத்தான் போட முடியும். பையன் எவ்வளவு மூச்சை இழுத்தாலும் அது புஷ்ஷில் முட்டி நின்றுவிடும். புஷ் ஆடுகிறதா என்று விளையாடுவதற்கு முன் ஒவ்வொரு நாளும் விரல் விட்டுப் பார்க்க வேண்டும். ஆடினால் அன்றைக்கு விளையாட்டு இல்லை.

உருண்டைக்கு மெல்லிய காகிதமோ பஞ்சோ. குழலை நிமிர்த்திப் பிடித்தால் தன் எடையிலேயே மெல்லக் கீழே இறங்க வேண்டும். சுற்றிலும் இடைவெளியும் தெரியக் கூடாது. இந்தப் பொருத்தம் வர ஐந்தாறு உருண்டையாவது கெட்டுப்போகும். கெடட்டும். மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தில் ஒரு பொருள் ஓடும் அல்லது ஓடாது என்பதைப் பிள்ளை கையால் தெரிந்துகொள்கிற இடம் அது.

ஏன் பாய்கிறது, ஏன் நிற்கிறது

வாயால் ஊதும் காற்றுக்கு அப்படி ஒன்றும் பிரமாதமான வலு கிடையாது. திடகாத்திரமான ஆள் தம் கட்டி ஊதினாலும் வாயு மண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கூடுதலாகக் கிடைக்கும். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம் எடை வைத்தாற்போல. சுண்டுவிரல் பருமன் துளையில் ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், உருண்டையின் முதுகில் அதிகபட்சம் 150 கிராம் அழுத்துகிறது. காகித உருண்டையின் எடையோ அரை கிராம் இருந்தால் அதிகம். தன் எடையைப் போல் முந்நூறு மடங்கு விசை முதுகில் தள்ளினால் பாயாமல் என்ன செய்யும்? குழலுக்குள் இருக்கும் வரை அந்தத் தள்ளல் தொடர்வதால்தான் சாண் நீளக் குழலைவிட முழ நீளக் குழல் வேகமாக எய்கிறது. அதற்காக ஆள் உயரத்துக்குச் செய்தால் சிறுவனின் மூச்சு பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதியில் உராய்வு உருண்டையைப் பிடித்து நிறுத்தும். அரை மீட்டர் போதும்.

வெளியே வந்த உருண்டையை எதிர்க்காற்று சில அடிகளுக்குள் அடக்கிவிடுகிறது. இலேசான பொருள் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். கனமான பொருள் இழக்காது. கல்லும் பட்டாணியும் காய்ந்த களிமண்ணும் ஏன் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். அப்பா சொன்னார் என்பதற்காக அல்ல. ஆனால் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து ஊதினால் காகிதமும் கண்ணைக் கெடுக்கும். எனவே மனிதர், நாய், பூனை, ஜன்னலில் உட்காரும் புறா எதையும் குறி பார்ப்பதில்லை என்ற ஒரு விதிக்கு மட்டும் விலக்கே கிடையாது. அதை மீறினால் குழல் ஒரு வாரத்துக்கு அலமாரி மேலே போய்விட வேண்டும். குறிக்குக் காலித் தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கலாம். கொடிக் கயிற்றில் ஒரு தாளைத் தொங்கவிட்டு வட்டம் வரையலாம். ஊதுகிறவனுக்கும் குறிக்கும் நடுவே யாரும் வராதபடி ஒரு பக்கம் சுவராக இருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு சங்கதி. ஒரு பிள்ளையின் குழலை இன்னொரு பிள்ளை வாயில் வைக்கக் கூடாது. சளியும் பொன்னுக்குவீங்கியும் எச்சில் வழியாகப் பரவும். ஆளுக்கு ஒன்று செய்துவிட்டால் சண்டையும் மிச்சம். தொடர்ந்தாற்போல் பத்துப் பதினைந்து தரம் வேகமாக ஊதினால் தலை சுற்றும். நடுநடுவே நிறுத்தச் சொல்ல வேண்டும். வீட்டில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை தவழ்ந்து கொண்டிருந்தால் விளையாட்டு முடிந்ததும் உருண்டைகளை எண்ணிப் பொறுக்கி வைக்க வேண்டும்.

தகப்பனாருக்கு நேரம் இருக்கிறதா?

இவ்வளவு வில்லங்கம் உள்ள ஒன்றை ஏன் செய்து கொடுக்க வேண்டும், கடையில் நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். கடைச் சாமானுக்கு அரசாங்கம் விதி செய்திருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற உத்தரவு 2021 ஜனவரி 1-ஆம் தேதி முதல் அமலில் இருக்கிறது. வாங்குகிறவர்கள் முத்திரையைப் பார்த்து வாங்கட்டும். வீட்டில் சுருட்டும் குழலுக்கு முத்திரை குத்த எந்த இன்ஸ்பெக்டரும் வரப் போவதில்லை. அங்கே இன்ஸ்பெக்டர் தகப்பனார்தான். அந்த வேலையைச் செய்ய மனமில்லாதவர் குழலையும் செய்யாமலிருப்பதே மேல்.

நேரமில்லை என்ற பதில் உடனே வரும். அது பொய்யும் அல்ல. அம்பர்நாத்திலிருந்து லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வந்து, எட்டு மணி நேரம் நின்று, ஓவர்டைமும் பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு சேருகிறவரிடம் பிள்ளையோடு விளையாடு என்று சொல்வது சுலபம். ஆனால் இதற்கு வேண்டியது வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம். சுருட்டுவது ஒரு ஞாயிறு. டேப் சுற்றிப் புஷ் வைப்பது மறு ஞாயிறு. நடுவில் ஒரு வாரம் பிள்ளை காத்திருந்தால் குடி முழுகிவிடாது.

நேரத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அதை யாரும் வாய் விட்டுச் சொல்வதில்லை. மும்பையில் பிழைக்கும் தமிழரில் பெரும் பகுதியினர் கைத்தொழிலால் பிழைக்கிறவர்கள். தாராவியின் தோல் பட்டறைகளுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் நாலாவது தலைமுறை இன்று அங்கே இருக்கிறது. பிட்டர், டர்னர், வெல்டர், தையல்காரர், இட்லி வியாபாரி என்று அத்தனை பேர் கையிலும் ஒரு வித்தை இருக்கிறது. தம் பிள்ளை மட்டும் கை அழுக்காகாமல் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அவர்களின் ஆசை. நியாயமான ஆசை. அதனால் தம் வேலையைப் பற்றிப் பிள்ளையிடம் பேசுவதே இல்லை. குமாஸ்தாவும் அப்படியே, ஆபீஸில் கோப்புக்குத் துளையிட்டு நாடா கோத்துக் கட்டும் நேர்த்தியை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அப்பா காலையில் போகிறார், இரவில் களைத்து வருகிறார். நடுவில் என்ன செய்கிறார் என்பது பிள்ளைக்குத் தெரியாது. தெரியாததால் மதிப்பும் குறைகிறது. பத்தாம் வகுப்புக்கு வந்ததும், உனக்கு என்ன தெரியும் என்று தகப்பனாரைக் கேட்கிற பிள்ளைகள் ஒருவர் இருவர் அல்லர்.

டர்னரின் கை ஒரு குழலின் உட்பருமனைத் தடவிப் பார்த்தே சொல்லும். தையல்காரர் கத்தரித்த நாடா கோணாது. தோல் வேலைக்காரர் பசை தடவினால் ஒரு சொட்டு பிதுங்காது. குமாஸ்தா மடித்த மடிப்பு நூல் பிடித்தாற்போல் இருக்கும். ஒரு காகிதக் குழலைச் சுருட்டும் அரைமணி நேரத்தில் இதையெல்லாம் பையன் முதல் முறையாகப் பார்க்கிறான். பெண் பிள்ளையும் பார்க்கட்டும். இந்த விளையாட்டு பையன்களுக்கு மட்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. கைவேலை தெரிந்தால் படிப்பு கெட்டுவிடும் என்ற பயமும் வேண்டாம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டுப் புனேயில் லாரித் தொழிற்சாலையில் என்ஜினீயராக இருந்த அரவிந்த் குப்தா, அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தீக்குச்சியிலும் பழைய காகிதத்திலும் விளையாட்டுச் சாமான் செய்து பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தார். அரசாங்கம் அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தது. அவர் குப்பையை வைத்துச் சொல்லிக் கொடுத்ததில் பாதி, இந்தச் சால்களில் இருக்கும் தகப்பன்மார்களின் விரல்களில் ஏற்கெனவே இருக்கிறது.

ஆசிரியர்களும் கொஞ்சம் யோசிக்கலாம். பறித்த பேனாக் குழாய்களை மேஜை இழுப்பில் போட்டுப் பூட்டுவதற்குப் பதில், சனிக்கிழமை கடைசி வகுப்பில் எல்லோரையும் ஆளுக்கொரு குழல் சுருட்ட வைத்து, மைதானச் சுவரில் வட்டம் போட்டு, எந்த நீளக் குழல் எவ்வளவு தூரம் எய்கிறது என்று அளந்து எழுதச் சொன்னால் அழுத்தம், விசை, உராய்வு மூன்று பாடமும் ஒரு வகுப்பில் முடிந்துவிடும். நாற்பது பிள்ளைகள் ஒரே சமயத்தில் ஊதினால் வகுப்பு என்ன ஆகும் என்ற கவலை நியாயமானது. ஐந்தைந்து பேராக ஊதச் சொல்லலாம்.

ஜூன் பிறந்து மழை தொடங்கிவிட்டால் மும்பைக் கோளிகளில் சுவரே வியர்க்கும். டேப் சுற்றிய குழலும் ஓரங்களில் ஈரம் வாங்கி நாலு வாரத்தில் நொய்ந்துவிடும். முதலில் தளர்வது வாய் முனையும் புஷ்ஷும்தான்; அப்படித் தளர்ந்ததை ஒட்டுப் போட்டு உபயோகிக்க வேண்டாம். எறிந்துவிட்டு அடுத்த ஞாயிறு புதிதாக ஒன்று சுருட்டினால் போயிற்று. பழையதை ரத்திக்காரன் எடுக்க மாட்டான். மேலே டேப் இருக்கிறது.